பிண்டார்ன் நதிமுகத்தில்

ஸ்காட்லாந்து தேசத்தின் படத்தை விரித்துப் பார்க்கும் நேயர்கள், அதன் வடகிழக்கு மூலையில் ஸமுத்திரம் ஆப்பு வைத்தாற்போல் நிலத்துக்குள் நுழைந்திருப்பதைக் காண்பார்கள். அதற்கு மரி வளைகுடா என்று பெயர். அந்த வளைகுடாவின் தென்கரையில், ஒரு நதி வந்து கலக்கும் இடத்திலே, மிகச் சிறிய எழுத்தில் ‘பிண்டார்ன்’ என்று போட்டிருக்கும். ஊருக்கும் அதே பெயர், நதிக்கும் அதே பெயர், நதி தேங்கி நிற்கும் வாவிக்கும் அதே பெயர். இத்தனை சிறிய ஊரைத் தேடி உலகத்தின் நாலா மூலைகளிலிருந்தும் மனிதர்கள் அறுபது வருஷமாக வந்துகொண்டிருக்கிறார்களென்றால், அது என்ன விந்தை என்று பார்த்துவரும் ஆசை யாருக்குத்தான் உண்டாகாது? எனக்கும் உண்டாயிற்று.

இன்வர்னஸ் நகரத்திலிருந்து கிழக்கே புறப்படும் ரயிலில் சுமார் அரைமணி நேரம் பிரயாணம் செய்தால் பாரஸ் என்னும் பட்டணம் வருகிறது. ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கலாம். டங்கன் மன்னனின் அரண்மனை இங்கே இருந்ததாகத்தான் கவி எழுதிவைத்தார். மூன்று சூனியக்காரிகள் மாக்பெத்தை வழிமறித்ததும் இவ்வூருக்குப் போகும் வழியிலே தான். நான் போன தினத்தில் சூனியக்காரிகள் யாரும் எதிர்ப்படவில்லை. ஊரின் எல்லையில் இருபது அடிக்குமேல் உயரமுள்ள ஒரு கல் நிற்கிறது. பழங்காலத்துச் சிற்பிகள் அதன் ஒரு பக்கத்தில் பெரிய சிலுவையையும், மறுபக்கத்தில் குதிரைவீரர்களும் தலையிழந்த உடல்களுமாக ஒரு யுத்தத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். யார் யாரோடு செய்த யுத்தம் என்பதில் பண்டிதர்களுக்குள் இன்னும் யுத்தம் ஓய்ந்தபாடில்லை. மழையும் காற்றும் அரித்துவிடாதபடி அந்தக் கல்லைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு அமைத்திருக்கிறார்கள்.

பாரஸிலிருந்து பிண்டார்ன் ஐந்து மைல் தூரம் இருக்கும். வழியிலே கின்லாஸ், அங்கே 1150-ம் வருஷத்தில் முதலாம் டேவிட் மன்னன் ஸ்தாபித்த மடாலயத்தின் இடிந்த சுவர்கள் ஒருபுறம், 2012 வரையில் ஆகாய சைனியத்தின் நிலையமாக இருந்து பிறகு தரைப்படையின் பாளையமாக மாறிய கட்டடங்கள் மறுபுறம். அப்பால் சாலை வாவியின் ஓரமாகவே செல்கிறது.

அந்த வாவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் முதலில் பார்த்தபோது அதிலே தண்ணீர் இல்லை! கண்ணுக்கெட்டிய வரையில் ஈரச் சேறும், அதன் நடுவே வெள்ளிக் கம்பிபோல் நெளிந்து செல்லும் நதியும், நூற்றுக்கணக்கான பறவைகளுமே இருந்தன. சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தேன். சேறு இருந்த இடம் தெரியவில்லை. படகுகள் மிதந்து கொண்டிருந்தன. கடல் தினம் இரண்டு தடவை இந்த வாவிக்குள் விருந்தாளியாக வந்து இரண்டு தடவை விடைபெற்றுப் போகிறது. கோடையில் மீன்கொத்தும் பெரிய பருந்துகள் மேலிருந்து அம்புபோல் பாய்ந்து மீனைக் கவ்விக்கொண்டு போவதைக் காணலாம். இலையுதிர் காலத்தில் ஐஸ்லாந்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் காட்டு வாத்துக்கள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கும். வாவியின் வாயிலில் உள்ள மணல்திட்டில் கடல்நாய்கள் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரிய மனிதர்களைப்போல் படுத்துக் கிடக்கும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்டிருக்கும் மணல் நிலத்தில் கிராமம் அமைந்திருக்கிறது. செம்படவர்களின் பழைய குடிசைகள் கடற்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நெருக்கி நெருக்கி நிற்கின்றன. ஜன்னல்களோ மிகச் சிறியவை. ஒரு காலத்தில் இந்தச் சீமைக்கே இதுதான் துறைமுகம். ரயில் வண்டிகூட வந்தது. 1860-ல் தண்டவாளம் போட்டார்கள், 1869-ல் மூடிவிட்டார்கள். ஒன்பது வருஷத்துக்குள் ரயிலை வரவழைத்து வழியனுப்பியும் விட்ட கிராமம் வேறெங்காவது உண்டா என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த ஊருக்கு ஒன்று வருவதும் போவதும் பெரிய காரியமல்ல. ஊரே அப்படி வந்துபோன ஊர். இப்போது நாம் காணும் பிண்டார்ன் பழைய பிண்டார்ன் அல்ல. பழைய கிராமம் இதற்கு வடமேற்கே சுமார் ஒரு மைல் தூரத்தில் இருந்தது. அந்நாளில் நதி இப்போதுபோல் நேராகக் கடலில் விழவில்லை. மணற்கரை ஒன்று குறுக்கே கிடந்தபடியால் மேற்கே வெகு தூரம் ஓடியே கடலைச் சேர்ந்தது. மணல் நாளுக்கு நாள் நதியின் வாயை அடைத்தது. 1701-ல் கடலும் வெள்ளமுமாகச் சேர்ந்து மணற்கரையை உடைத்துக்கொண்டு புதுவழி செய்தன. பழைய கிராமம் நின்ற இடம் இன்று தண்ணீருக்கு அடியில். ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து இந்த இடத்தில் மறுபடி கூரை போட்டார்கள்.

இதைவிடப் பயங்கரமான கதை நதிக்கு அக்கரையில் இருக்கிறது. அங்கே கல்பின் என்று ஒரு ஜமீன் இருந்தது. ‘மரி சீமையின் களஞ்சியம்’ என்று பெயர் வாங்கிய செழுமையான பூமி என்பார்கள். கின்னர்ட் என்ற வம்சத்தாருக்கு அது சொந்தம். மாளிகை, பழத்தோட்டம், குடியானவர்களின் பண்ணைகள் எல்லாம் இருந்தன. 1694-ம் வருஷம் இலையுதிர் காலத்தில் மேற்கிலிருந்து ஒரு பெரும் புயல் அடித்தது. கடற்கரையில் குன்று குன்றாகக் கிடந்த மணல் கிளம்பி வந்து வயல்களின்மேல் விழுந்தது. வாற்கோதுமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள் என்றும், உழுதவன் கலப்பையைச் சாலிலேயே விட்டுவிட்டுப் போனான் என்றும், மறுநாள் காலையில் வீட்டுக்குள்ளிருந்தவர்கள் பின்சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள் என்றும் அவ்வூர்ப் பாட்டிமார்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஜமீன்தார் சனிக்கிழமை இரவு சீட்டாடத் தொடங்கி, ஞாயிறு பிறந்த பிறகும் நிறுத்தாமல், சாத்தானையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஆடினதனால் வந்த வினை என்று பக்திமான்கள் காரணமும் கற்பித்தார்கள். வெகு காலத்துக்குப் பின் மணல் நகர்ந்தபோது மாளிகையின் புகைபோக்கி மட்டும் தலையை நீட்டியதாம். அதற்குள் வாயை வைத்துக் கூப்பிட்ட ஒருவனுக்கு உள்ளிருந்து பதிலும் கிடைத்ததாம்!

ஒரே இரவில் எல்லாம் நடந்தது என்பதை இப்போதைய ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. மணல் பல வருஷங்களாகவே மெள்ள மெள்ள முன்னேறிக்கொண்டிருந்தது, 1694-ன் புயல் அதன் கடைசி அடி என்கிறார்கள். எது எப்படியானாலும், மறு வருஷமே அலெக்ஸாந்தர் கின்னர்ட் எடின்பரோவிலிருந்த ஸ்காட்டிஷ் பார்லிமெண்டுக்கு மனு எழுதினார். மணலுக்குக் கீழே போய்விட்ட நிலத்துக்கு எப்படித் தீர்வை கட்டுவது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி தானே? 1698-ல் அவர் ஜமீனை விற்றுவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சங்கதியை விட்டுவிடக் கூடாது. அக்காலத்துப் பார்லிமெண்டு 1695-ல் ஒரு சட்டம் செய்தது. மணற்குன்றுகளில் முளைக்கும் ஒருவகை நாணற்புல்லையும், அங்குள்ள சில செடிகொடிகளையும் யாரும் பிடுங்கக்கூடாது என்பது அச்சட்டம். நம் நாட்டுக் கடற்கரையில் இராவணன் மீசை என்று முள்முள்ளாகப் படர்ந்து மணலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் புல்லை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையைத்தான் அங்கே அந்தப் புல் செய்துகொண்டிருந்தது. கூரை வேயவும் கயிறு திரிக்கவும் ஜனங்கள் அதை வருஷா வருஷம் பிடுங்கினார்கள். வேர் போயிற்று, மணல் விடுதலை பெற்றது. சாத்தானின் சீட்டாட்டத்தைவிட இந்தக் காரணம் ருசிக் குறைவானது. ஆனால் ஊர் அழிவதற்குப் போதுமானது.

அதன்பின் இருநூறு வருஷங்களுக்குமேல் கல்பின் ஒரு பாலைவனமாகவே கிடந்தது. ஸ்காட்லாந்தின் ஸஹாரா என்றே சிலர் அழைத்தனர். 1920-களில் சர்க்கார் வனத்துறையினர் வந்தார்கள். வேறு இடங்களில் வெட்டிய மரக்கிளைகளையும் சுள்ளிகளையும் கொண்டு வந்து, கூரை வேய்வது போல் மணல் முழுவதையும் மூடினார்கள். அந்தப் போர்வைக்கு நடுவே பைன் கன்றுகளை நட்டார்கள். எவ்வளவு கன்றுகள் காற்றிலே பிடுங்கிக்கொண்டு போயினவோ, எவ்வளவு தடவை மறுபடி நட்டார்களோ! இன்று மைல் கணக்காகக் காடு நிற்கிறது. நான் அதனுள் நடந்து போனபோது காலடியில் பாசியும் காளானும் மெத்தென்றிருந்தன. ஓரிடத்தில் குனிந்து விரலால் கொஞ்சம் கிளறினேன். இரண்டு அங்குலத்துக்குக் கீழே அதே மணல். வெள்ளை வெளேரென்று, உதிரி உதிரியாக, சந்தர்ப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதுபோல.

நதிக்கு வருவோம். மோனலியா மலைகளில் உற்பத்தியாகி அறுபது மைலுக்குச் சற்று அதிகமாக ஓடிவருகிறது பிண்டார்ன் நதி. மலைமேல் புல்லும் பாசியும் மக்கி மக்கிக் கரிய மண்ணாகப் படிந்திருக்கும் சதுப்புக்களின் வழியே வருவதால் அதன் ஜலம் கடுங்காப்பியின் நிறமாக இருக்கிறது. அழுக்கல்ல, ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்துப் பிடித்தால் தேன்போல் பளபளக்கிறது. மேட்டு நிலத்தில் அது சாது. கீழே வரவர, இருபுறமும் செங்குத்தான பாறைகள் நெருக்கும் இடங்களில் சீறிப் பாய்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் ‘ராண்டால்பின் தாண்டுதல்’ என்பது பிரஸித்தமானது. அங்கே பாறைக்கும் பாறைக்கும் நடுவே பத்தடி தூரந்தான். பதினாலாம் நூற்றாண்டில் பகைவர்களுக்குத் தப்பி ஒரு வீரன் இதைத் தாண்டினான் என்பது கதை. வேடிக்கை என்னவென்றால், தாண்டினவன் ராண்டால்ப் அல்ல. ராண்டால்பின் ஆட்கள் துரத்தி வந்த கம்மிங் வம்சத்து வாலிபன்! உயிரைப் பணயம் வைத்துத் தாண்டினவன் ஒருவன், பெயர் கிடைத்தது துரத்தினவனுக்கு. சரித்திரத்தில் இது புதிதா என்ன?

அந்தப் பாறைகளுக்குச் சற்று மேலே, மரங்களுக்கிடையே ஒரு கல் நட்டிருக்கிறது. 1829-ம் வருஷத்து வெள்ளம் இதுவரை வந்தது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். கல்லின் அருகில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. நதி எங்கேயோ பாதாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐம்பது அடி! அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதியும் 4-ந் தேதியும் பெய்த மழையில் தண்ணீர் ஐம்பது அடி உயர்ந்தது. அருகிலுள்ள ரெலூகஸ் மாளிகையில் வசித்த ஸர் தாமஸ் டிக் லாடர் என்ற கனவான் அந்த வெள்ளத்தைக் கண்ணாரக் கண்டார். பின்பு ஊர் ஊராகச் சென்று, பிழைத்தவர்களின் வாயிலிருந்தே விருத்தாந்தங்களைக் கேட்டு, மறு வருஷம் ஒரு பெரிய புஸ்தகமாக வெளியிட்டார். வழக்கமான மட்டத்துக்கு ஐம்பது அடிக்கு மேலே ஒரு மனிதர் குடையை வலையாக வைத்துச் சால்மன் மீனைப் பிடித்தாராம். அவருடைய புஸ்தகத்தில் இத்தகைய வேடிக்கைகளும் உண்டு. வீட்டுக் கூரைமேல் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த கிழவர்களின் துயரமும் உண்டு.

அந்த வெள்ளத்தில் பிண்டார்ன் செம்படவர்கள் செய்த காரியம்தான் என் மனத்தில் நிற்பது. நதி கரைபுரண்டு பாரஸ் சமவெளி முழுவதும் ஒரே கடலாகிவிட்டது. பண்ணை வீடுகள் தீவுகளாயின. குடியானவர்களிடம் படகு ஏது? கடலிலே மீன் பிடிக்கும் செம்படவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டு வந்தார்கள். கதிர் நின்ற வயல்களின் மேலே, வேலிகளின் மேலே, மரக்கிளைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படகு ஓட்டினார்கள். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்காகப் போய்க் கிழவர்களையும் குழந்தைகளையும் இறக்கி ஏற்றினார்கள். கடல் தங்கள் ஊரை விழுங்கின கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

அவ்வளவு பரிச்சயம் இருந்தும் நதி அவர்களுக்குச் சொந்தமாயிருந்ததில்லை. ஸ்காட்லாந்தின் சட்டப்படி சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்தோடு சேர்ந்ததல்ல. அது தனிச் சொத்து. ஆதியில் மன்னனுக்கு உரியது. மன்னன் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்தான். அவர்கள் விற்றார்கள், குத்தகைக்கு விட்டார்கள். நதிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் தன் வீட்டு வாசலில் ஓடும் நதியில் ஒரு சால்மனைத் தொட்டாலும் குற்றவாளி. கிராமத்தில் இன்றும் பழைய பனிக்கட்டி அறைகள் இருக்கின்றன. பூமிக்குள் வளைவு வளைவாகக் கட்டிய கல்லறைகள். குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டிகளை வெட்டிக் கொண்டு வந்து இவற்றில் நிரப்பிவைத்து, கோடையில் பிடித்த சால்மன்களை அதில் அடைத்து லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். பிடித்தவர்கள் இங்கே, சாப்பிட்டவர்கள் அங்கே. இப்போது அந்த அறைகளைக் காட்சிச்சாலையாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் ஆகஸ்டு மாதத்திலும் சில்லென்றிருக்கிறது.

இப்போது சால்மனே அருகிவிட்டது. கடலோரங்களில் வலைபோட்டுச் சால்மன் பிடித்து வைத்துக்கொள்வதை 2016-ல் தடுத்துவிட்டார்கள். 2023-ல் பிரிட்டனின் சால்மனை அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் ஜாபிதாவில் சேர்த்தார்கள். நதியிலே தூண்டில் போடுகிற பணக்காரர்கள்கூட, பிடித்த மீனைப் பெரும்பாலும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். “என் பாட்டனார் காலத்தில் திருடிப் பிடிக்கவாவது மீன் இருந்தது ஐயா!” என்றார் துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர். சொல்லிவிட்டு, நான் அரசாங்க உத்தியோகஸ்தனோ என்று சந்தேகப்பட்டவர்போல் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

இனி, உலகத்தார் பிண்டார்னைத் தேடி வந்த காரணத்தைச் சொல்கிறேன்.

பாரஸ் பட்டணத்தில் க்ளூனி ஹில் என்று குன்றின் மேல் ஒரு பெரிய ஹோட்டல் உண்டு. 1957-ல் அதன் நிர்வாகியாகப் பீட்டர் காடி என்பவர் வந்தார். முன்பு ஆகாய சைனியத்தில் உத்தியோகம் பார்த்தவர். எதையும் பட்டாளத்து ஒழுங்கோடு செய்பவர். அவருடைய மனைவி ஐலீன் தம் உள்ளத்தின் உள்ளே ஒரு குரலைக் கேட்பவர். அதைக் கடவுளின் குரல் என்றே நம்பினார். அந்தக் குரல் சொன்னபடியே கணவர் ஹோட்டலை நடத்தினார். கூடவே டாரதி மக்லீன் என்ற கானடா தேசத்துப் பெண்மணியும் இருந்தார். ஹோட்டலும் நன்றாகவே நடந்தது. ஆயினும், அசரீரியின் யோசனையைக் கேட்டு வியாபாரம் செய்யும் மனேஜரை எந்த முதலாளி நெடுநாள் வைத்துக்கொள்வான்? 1962-ல் வேலை போயிற்று.

அந்த வருஷம் நவம்பர் 17-ந் தேதி, மூன்று பெரியவர்களும் மூன்று சிறுவர்களுமாக, பிண்டார்னில் கோடைப் பிரயாணிகள் தங்கும் மைதானம் ஒன்றில் ஒரு சக்கர வீட்டுக்குள் குடியேறினார்கள். பக்கத்தில் குப்பைமேடு. தலைக்குமேலே ஆகாய விமானங்களின் இரைச்சல். பூமியோ மணலும் கூழாங்கல்லும். வேலையில்லாதவர்களுக்குச் சர்க்கார் தரும் உதவித் தொகையைக் கொண்டு ஜீவனம். வடக்கே அவ்வளவு தூரத்தில் நவம்பர் என்றால், மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். சக்கர வீட்டுக்குள் தியானம் செய்ய இடமில்லாமல், ஐலீன் அம்மையார் இரவு வேளையில் மைதானத்துப் பொதுக் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து தியானம் செய்தார். இதை அவர் பிற்காலத்தில் மறைக்கவுமில்லை, பெருமை பேசவுமில்லை. பெரிய மடாதிபதிகளின் சரித்திரங்களில் இத்தகைய உண்மை எழுதப்படுவது அபூர்வம்.

பசிக்காகத் தோட்டம் போட்டார்கள். பீட்டர் குதிரைச் சாணத்தையும் கடற்பாசியையும், அழுகின காய்கறிகளையும், யார் எதைக் கொடுத்தாலும் அதையும் கொண்டுவந்து மணலில் புதைத்தார். 1963-ல் டாரதிக்கு ஒரு புது அநுபவம் ஏற்பட்டது. பட்டாணிச் செடியின் ஆத்மாவோடு தாம் பேசியதாகச் சொன்னார். ஒவ்வொரு செடி வகைக்கும் அதை ஆளும் சக்தி ஒன்று உண்டென்றும், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அது தமக்கு உணர்த்தியதென்றும் எழுதிவைத்தார். அந்தச் சக்திகளுக்குப் பெயரிட அவருக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லை. ‘தேவர்கள்’ என்றார்! நம்முடைய தேவர்கள் எத்தனையோ யாகங்களில் அவிர்பாகம் வாங்கியிருக்கிறார்கள். வட கடலோரத்தில் முட்டைக்கோஸ் பாத்திக்கு அவர்களை அழைத்தது இந்த அம்மையார்தான்.

முட்டைக்கோஸ் வந்தது. சாமான்ய முட்டைக்கோஸா? நாற்பது ராத்தல் எடையுள்ளது என்று பத்திரிகைகள் எழுதின. செடியியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இந்த மணலில் இது எப்படி என்று மூக்கில் விரலை வைத்தார்கள். வேறு சிலர், மரி கடற்கரை அவ்வளவு வடக்கிலிருந்தும் மிதமான சீதோஷ்ணம் உள்ளது, கோடையில் இரவு பத்து மணி வரையில் வெயில், போதாததற்குக் குதிரைச் சாணம். இதில் தேவர்களுக்கு என்ன வேலை என்றார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நான் சாணத்தின் கட்சி. ஆனால் ஒன்று சொல்வேன். ஒவ்வொரு செடியின் எதிரிலும் தினந்தோறும் மௌனமாக உட்கார்ந்து, ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கிற தோட்டக்காரனுக்கு, கேளாதவனுக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிந்துவிடும். பதில் சொன்னது தேவனா, அவனுடைய கண்ணா என்பதை அவரவர் முடிவு செய்து கொள்ளலாம்.

செய்தி பரவிற்று. 1970-க்குப் பிறகு தலைமயிர் வளர்த்த வாலிபர்களும் வீட்டை விட்டுக் கிளம்பிய யுவதிகளும் வந்து குவிந்தார்கள். கிராமத்து ஜனங்கள் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கதவைத் தாழிட்டவர்களும் உண்டு. 1972-ல் சபை முறைப்படி தர்ம ஸ்தாபனமாகப் பதிவாயிற்று. 1975-ல் அவர்கள் ஒரு கட்டடம் வாங்கினார்கள். எது தெரியுமா? பீட்டர் முன்பு நிர்வாகியாக இருந்த அதே க்ளூனி ஹில் ஹோட்டல்! 1983-ல் சக்கர வீட்டு மைதானத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் பீட்டர் 1979-லேயே மனைவியையும் சபையையும் விட்டுப் போய்விட்டார். 1994-ல் ஜெர்மனியில் மோட்டார் விபத்தில் காலமானார். ஐலீன் அங்கேயே இருந்து 2006-ல் மறைந்தார். டாரதி நூறு வயது வாழ்ந்து 2020-ல் கண்மூடினார்.

ஸ்தாபகர்களின் குரல்களையும் தேவர்களையும் நம்பாதவர்கள்கூடப் போய்ப் பார்க்க வேண்டியது அவர்கள் கட்டிய ஊரை. விஸ்கி காய்ச்சும் சாலைகளில் பயன்பட்டுக் கழித்த பிரமாண்டமான மரப்பீப்பாய்களை வாங்கி அவற்றையே வட்ட வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். 1986-ல் முதல் வீடு. விஸ்கியை ஜாதிப் பெருமையாகக் கருதும் தேசத்தில், பீப்பாய்க்குள் தியானம் செய்கிறவர்கள் இவர்களே. 1989-ல் முதல் காற்றாலை நாட்டினார்கள். 2006-ல் மேலும் மூன்று. அன்று கல்பின் ஜமீனை மணலில் புதைத்த அதே மேல்காற்று இங்கே விளக்கேற்றுகிறது. 1995-ல் அமைத்த ஒரு கண்ணாடி வீட்டுக்குள் போனேன். வரிசையாகத் தொட்டிகள்; தொட்டிகளில் பச்சைப் பசேலென்று செடிகள்; பூந்தோட்டத்து வாசனை. ஊரின் சாக்கடை நீர் முழுவதும் அந்தத் தொட்டிகளின் வழியே ஓடி, செடிகளாலும் கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்களாலும் சுத்தமாகி வெளியேறுகிறது என்று உடன் வந்தவர் சொன்னபோதுதான் என் மூக்குக்கு விஷயம் புரிந்தது. அவ்வூரில் ஒரு மனிதன் பூமிக்கு வைக்கும் பாரம் பிரிட்டனில் ஒருவன் சராசரியாக வைக்கும் பாரத்தில் பாதிதான் என்று 2006-ல் கணக்கெடுத்தார்கள்.

பாதி என்பதைக் கேட்டு அவர்களே திருப்தி அடையவில்லை. சராசரி என்பதே அளவுக்கு மீறினதாயிருக்கும்போது பாதி எப்படிப் போதும் என்று என்னோடு வந்தவர் கேட்டார். அதுமட்டுமல்ல, பூமியைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வதற்காக ஆகாய விமானம் ஏறி ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறார்களே மாணவர்கள், அந்தக் கணக்கு எங்கே போகிறது? நானும் அப்படி வந்தவன்தானே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, அவர்களுடைய பொதுச் சாப்பாட்டுக் கூடமும் தியான மண்டபமும் தீப்பற்றி எரிந்து சாம்பலாயின. உயிர்ச் சேதம் இல்லை. தீ வைத்தவர் வெளியார் அல்ல. அந்த ஸ்தாபனத்திலேயே ஊழியராயிருந்து, ஆட்குறைப்பில் வேலை இழந்தவர். இதைக் கேட்டதும் எனக்கு 1962-ன் நவம்பர் மாதம்தான் நினைவுக்கு வந்தது. வேலை இழந்த ஒருவர் குப்பைமேட்டுப் பக்கத்தில் இந்த ஊரை உண்டாக்கினார். வேலை இழந்த மற்றொருவர் அதன் நடு வீட்டைக் கொளுத்தினார். அன்பையும் ஒருமையையும் போதிக்கும் சபையிலும் சம்பளப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதிலிருந்து பெயர் அடிபடுகிற மனிதனும் உண்டு. அந்த மனிதனை எப்படி வழியனுப்புவது என்பதைத் தேவர்கள் யாருக்கும் சொல்லித் தரவில்லைபோலும்.

தொற்று நோயினால் விருந்தாளிகள் வருவது நின்றிருந்தது, ஐரோப்பாவை விட்டுப் பிரிட்டன் பிரிந்ததில் அயல்நாட்டு மாணவர்களுக்கும் தடை, அதன்மேல் தீ. 2023-ல் ஸ்தாபனம் தன் போதனை வகுப்புக்களை நிறுத்திவிட்டது. ஊழியர்கள் பலர் வெளியேறினர். க்ளூனி ஹில் விலைக்கு வந்தது. பத்திரிகைகள் ‘பிண்டார்ன் முடிந்தது’ என்று எழுதின. ஆனால் ஸ்தாபனம் வேறு, ஊர் வேறு. அங்கே வீடு கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, கிழவர்களான சில நூறு பேர் எங்கே போவார்கள்? அவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, பங்குப் பணம் திரட்டி, தங்கள் காலடியிலுள்ள நிலத்தைத் தாங்களே வாங்குவதற்கு முற்பட்டார்கள். ஜமீன்தார்களின் கையில் மைல் மைலாக நிலம் குவிந்து கிடக்கும் ஸ்காட்லாந்தில் இது சிறிய காரியமல்ல. ஊர் நிலத்தை ஊரார் கூடி வாங்கும் உரிமைக்காக அத்தேசத்துப் பார்லிமெண்டு 2003-ல் சட்டமே இயற்றியிருக்கிறது. மேற்குத் தீவுகளில் குடியானவர்கள் தீவையே விலைபேசி வாங்கியிருக்கிறார்கள்.

அந்தச் சங்கத்தைப்பற்றித் துறைமுகத்து முதியவரிடம் கேட்டேன்.

“ஆரம்பத்தில் அவர்களைப் பைத்தியங்கள் என்று சொன்னோம். என் தாயாரும் சொன்னாள்” என்றார்.

“இப்போது?”

“இப்போது அவர்களிடமிருந்துதான் காய்கறி வாங்குகிறேன். நிலத்துக்காகக் கடன் பட்டிருக்கிறார்கள் அல்லவா? இனி எங்களைப்போலத்தான்” என்று சொல்லிப் புகைக்குழாயைத் தட்டினார்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. மணற்குன்றுகளின் மேலேறி வடக்கே பார்த்தேன். பழைய கிராமம் இருந்த இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. குன்றின் சரிவில் புயலில் கொஞ்சம் இடிந்துபோன ஓரிடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நாணற்புல்லைக் கையகலம் இடைவிட்டு வரிசையாக நட்டிருந்தார்கள். அதன்மேல் யாரும் நடக்க வேண்டாமென்று ஒரு பலகையும் இருந்தது. நான் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். வாவிக்குள் கடல் வந்துகொண்டிருந்தது.